வெறும் நிலம் மீண்டும் வனமாகும் விதம்

முதிர்ந்த ரப்பர் மரங்களை வீழ்த்தி, மறுநடவுக்காக நிலத்தைத் திறந்துவிட்டபின், அங்கே முதலில் தலைகாட்டுவது எது என்று கேட்டால், தோட்டத்தில் உழைத்துப் பழகிய எவரும் தயங்காமல் விடை கூறுவர். லாலாங் புல்லும் அதனோடு சேர்ந்த களைகளுமே அவை. அவற்றை விதைத்தவர் எவருமில்லர். நீர் வார்த்தவரும் எவருமில்லர். எனினும் சில வாரங்களுக்குள் அவை நிலத்தை மூடிவிடுகின்றன. அப்படியே கவனிப்பாரின்றி விட்டுவிட்டால், புல் நின்ற இடத்தில் புதர் தோன்றும்; புதர் நின்ற இடத்தில் மரம் எழும்; சில ஆண்டுகளில் அவ்விடம் 'பெலுக்கார்' என்று மலாய் மக்கள் கூறும் இளங்காடாகிவிடும்.

நாம் அன்றாடம் கண்டும் பெரிதாக எண்ணாத இந்நிகழ்ச்சியில் ஓர் ஒழுங்கு இருக்கின்றது. அவ்வொழுங்கை அறிந்துகொள்வது நமக்குப் பல வகையிலும் நன்மை பயக்கும். நாம் குடிக்கும் ஓடை நீர், நம் வீட்டுப் பின்புறத்து மண், நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று ஆகிய யாவும் இதனுடன் தொடர்புடையவை.

வழிமுறை வளர்ச்சி என்பது யாது?

ஓரிடத்து மண், நீர், செடிகொடிகள், விலங்குகள், பறவைகள், புழுபூச்சிகள், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்து வாழும் அமைப்பைச் 'சூழல் மண்டலம்' என்பர். இவ்வமைப்பு ஒரே நாளில் உருவாவதன்று. முதலில் வந்து குடியேறும் உயிர்கள் அவ்விடத்தைச் சிறிது மாற்றியமைக்கின்றன. அம்மாற்றத்தால் வேறு உயிர்கள் வந்து வாழ வழி பிறக்கின்றது. பின்னர் வந்தவை முன்னர் வந்தவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவ்வாறு ஒரு கூட்டத்தின் பின் மற்றொரு கூட்டமாக உயிர்கள் நிலத்தில் நிலைபெறுவதே 'வழிமுறை வளர்ச்சி' எனப்படும்.

இஃது இரு வகைப்படும். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை, புதிதாய்க் குவிந்த சாம்பல் போன்ற, மண்ணும் விதையும் இல்லாத இடத்தில் தொடங்குவது முதல்நிலை வளர்ச்சி. காடு வெட்டப்பட்டோ எரிக்கப்பட்டோ பயிர் கைவிடப்பட்டோ, ஆயினும் மண் எஞ்சி நிற்கும் இடத்தில் தொடங்குவது இரண்டாம்நிலை வளர்ச்சி. நம் தோட்டப்புறங்களில் நாம் காண்பது இந்த இரண்டாம் வகையாகும்.

சாம்பலில் எழுந்த காடு

முதல் வகைக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் இடம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. சாவகத் தீவுக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கும் கிராக்கத்தோவா எரிமலைத் தீவே அது. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26, 27ஆம் நாள்களில் அது வெடித்தது. அவ்வெடிப்பாலும் அதனால் எழுந்த ஆழிப்பேரலைகளாலும் 36,000க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். தீவின் பெரும்பகுதி கடலுள் மறைந்தது. எஞ்சிய இராக்காத்தா என்னும் பகுதியைக் கொதிக்கும் சாம்பலும் நுரைக்கல்லும் பல மீட்டர் ஆழத்திற்கு மூடிவிட்டன.

1884ஆம் ஆண்டு மே மாதம் அங்குச் சென்ற பிரெஞ்சுக் குழுவினர் தேடித் தேடிக் கண்டது ஒரே ஒரு சிறு சிலந்தியைத்தான். 1886இல் டிரூப் என்னும் தாவர அறிஞர் சென்றபோது, சாம்பலின் மேல் பாசிபோன்ற மெல்லிய உயிர்ப்படலம் படர்ந்திருந்தது. அதன்மேல் பெரணிச் செடிகள் வளர்ந்திருந்தன. கரையோரத்தில் கடல் கொணர்ந்த விதைகள் முளைத்திருந்தன. 1897 அளவில் தீவின் உட்பகுதியை உயர்ந்த புற்கள் மூடியிருந்தன. அப்புற்களிடையே மரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி, 1930ஆம் ஆண்டையொட்டி, கிளையோடு கிளை கூடிய காடாயின.

தாயகக் கரையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவுக்கு விதைகள் எவ்வாறு வந்தன? பெரணியின் தூள் போன்ற வித்துகளையும் புல்லின் பஞ்சு விதைகளையும் காற்று கொணர்ந்தது. கடற்கரை மரங்களின் காய்களை அலைகள் கொணர்ந்தன. அத்தி இன மரங்களின் விதைகளைப் பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் வயிற்றில் சுமந்து கொணர்ந்தன. ஆயினும், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும், அக்காட்டிலுள்ள மர வகைகள் அண்மைப் பெருநிலத்துக் காடுகளில் உள்ளவற்றினும் குறைவே. காடு எழும்பிவிடலாம், ஆனால் இழந்த வகைகள் அனைத்தும் மீள்வது எளிதன்று என்பதை இங்கே குறித்துக்கொள்வோமாக.

பெலுக்காரின் படிகள்

இனி நமது நிலத்திற்கு வருவோம். வெயில் கொளுத்தும் திறந்த நிலத்தில் முதலில் குடியேறுபவை 'முன்னோடித் தாவரங்கள்' எனப்படும். இவற்றின் விதைகள் சிறியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை, தொலைதூரம் செல்லவல்லவை. சில விதைகள் மண்ணுக்குள் பல காலம் உறங்கிக் கிடந்து, மேலிருந்த நிழல் நீங்கி வெயில் பட்டவுடன் விழித்தெழுகின்றன. ஆகவேதான், மரம் சாய்ந்த சில நாள்களிலேயே எங்கிருந்து வந்தவை என்று தெரியாதபடி செடிகள் முளைத்துவிடுகின்றன.

லாலாங்கிற்கு மற்றொரு வலிமையும் உண்டு. அதன் தண்டு மண்ணுக்குள் ஓடிப் பரவுகின்றது. மேலே வெட்டினாலும் எரித்தாலும் கீழிருந்து மீண்டும் துளிர்க்கின்றது. மண்வெட்டியால் துண்டித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகிவிடுவதைத் தொழிலாளர்கள் நன்கு அறிவர். ஆனால் இத்துணை வலிய புல்லுக்கும் ஒரு பகை உண்டு. அதுதான் நிழல். நிழல் விழுந்த இடத்தில் லாலாங் நலிந்து மறைகின்றது.

அந்நிழலைக் கொணர்வன புதர்களும் விரைந்து வளரும் மரங்களுமே. ஊதாநிறப் பூவுடைய செண்டுடோக் செடியை அறியாத தோட்டப்புறப் பிள்ளை இல்லை. அதன் கனியைத் தின்று வாயைக் கறையாக்கிக்கொள்ளாத பிள்ளையும் இல்லை. அக்கனியைப் பறவைகளும் விரும்பி உண்கின்றன. உண்ட பறவைகள் புதரில் தங்கி எச்சமிடும்போது வேறு மரங்களின் விதைகளும் அங்கே விழுகின்றன. இவ்வாறு ஒரு புதர், வரப்போகும் காட்டின் விருந்தினர் விடுதி ஆகின்றது.

அடுத்து வருபவற்றுள் சிறந்தது மஹாங் மரம். குடைபோல் அகன்ற இலைகளை உடையது. சில ஆண்டுகளிலேயே லயத்துக் கூரையினும் உயர்ந்து நிற்பது. மஹாங் வகைகள் சிலவற்றின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். அக்குழலில் எறும்புகள் குடியிருக்கின்றன. மரம் எறும்புக்கு உணவும் உறையுளும் தருகின்றது. எறும்பு, மரத்தைத் தின்ன வரும் பூச்சிகளையும் பற்றிப் படரும் கொடிகளையும் விலக்குகின்றது.

மஹாங் விரைந்து வளர்வது, நெடுங்காலம் வாழ்வதன்று. அதன் குஞ்சுகள் அதன் நிழலிலேயே வளரமாட்டா. ஆனால் நிழலைப் பொறுத்துக்கொள்ளும் வேறு மரங்களின் கன்றுகள் அதன் அடியில் பொறுமையாய்க் காத்து நிற்கின்றன. மஹாங் மரங்கள் முதிர்ந்து விழ விழ, அக்கன்றுகள் ஒளியைப் பெற்று மேலெழுகின்றன.

இதற்குள் மண்ணும் மாறிவிடுகின்றது. உதிர்ந்த இலை மக்கி உரமாகின்றது. வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மண்புழுவும் கறையானும் அதனைத் துளைத்து இளக்குகின்றன. மழைநீர் மேலோடி மண்ணை வாரிச் செல்லாமல் உள்ளே இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படுகின்றது.

தோட்டமே ஒரு பாடநூல்

இவ்வளர்ச்சியின் ஒரு பகுதியைத் தோட்டத்திலேயே காணலாம். இளங்கன்று நட்ட நிலத்தில் அவரையினத்தைச் சேர்ந்த மூடுபயிர்க் கொடிகளை விதைக்கின்றோம். அவை மண்ணை மூடுகின்றன, லாலாங்கை அமுக்குகின்றன, தம் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கின்றன. நான்கைந்து ஆண்டுகள் சென்று, ரப்பர் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடியதும், அடியில் நிழல் கவிகின்றது. அப்பொழுது கொடிகள் மெலிந்து மறைய, நிழலில் வாழும் புல்லும் பெரணியும் அவ்விடத்திற்கு வருகின்றன. எவரும் கொடியைப் பிடுங்கி எறியவில்லை. நிழல் அதனை அகற்றிவிட்டது.

மூடுபயிர் முறை தொடக்கத்திலேயே இருந்ததன்று. ரப்பர் பயிர் தொடங்கிய காலத்தில், மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தல் ஆகாது என்று எண்ணி நிலத்தை மொட்டையாகச் சுரண்டி வைத்தனர். அவ்வேலையைச் செய்தவர்களுள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் உண்டு. வெறும் மண்ணின்மீது வெப்பநாட்டு மழை நேரே விழுந்து, சரிவுகளின் மேல்மண்ணை ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பட்டறிவு பெற்ற பின்னரே மண்ணை மூடிவைக்கும் வழக்கம் பரவியது. இயற்கை செய்வதைப் பார்த்துக் கற்ற பாடம் அது.

மற்றொன்றையும் நாம் மறப்பதற்கில்லை. 1941இன் இறுதியில் தொடங்கி 1945இல் முடிந்த சப்பானியர் ஆட்சிக் காலத்தில், பற்பல தோட்டங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. ஆயிரமாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் பலர் திரும்பவே இல்லை. ஆள் நடமாட்டம் குறைந்த அத்தோட்டங்களில் மரவரிசைகளுக்கிடையே பெலுக்கார் மண்டியது. போர் முடிந்து வந்தவர்கள், நிரை எது, வழி எது என்று தேடிக் கண்டு, வெட்டித் திருத்தி வேலை தொடங்க வேண்டியிருந்தது. மூன்றரை ஆண்டுகளில் நிலம் எவ்வளவு தூரம் தன் பழைய நிலையை நோக்கிச் செல்லவல்லது என்பதற்கு அது சான்று.

தீ செய்யும் தீமை

இவ்வளவு ஒழுங்காக நடைபெறும் வளர்ச்சியை ஒரே நாளில் அழித்துவிடக்கூடியது தீயாகும். லாலாங் காட்டில் தீப்பற்றினால் புல்லின் மேற்பகுதியே எரிகின்றது. மண்ணுக்குள் இருக்கும் தண்டு பிழைத்துக்கொள்கின்றது. ஆனால் புல்லிடையே தலைதூக்கிய செண்டுடோக்கும் மஹாங் கன்றும் பிற மரக்கன்றுகளும் கருகிப் போகின்றன. லாலாங்கை ஒழிப்பதற்காக வைக்கும் நெருப்பு, லாலாங்கின் எதிரிகளையே ஒழித்துவிடுகின்றது. மீண்டும் மீண்டும் எரியும் நிலம், ஆண்டுகள் பல சென்றும் புல்வெளியாகவே நின்றுவிடுவதன் காரணம் இதுதான். அத்தகைய நிலத்தின் சத்தும் மழைக்கு மழை குறைந்துகொண்டே வருகின்றது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. நிலம் என்பது மாறாத ஒன்றன்று. அது கெடவும் கூடும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர்.

திறந்தவெளியில் எரிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றமாகும். 1997இலும் 2015இலும் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்த புகைமூட்டத்தை நம்மில் பலர் அனுபவித்திருக்கின்றோம். பள்ளிகள் மூடப்பட்டதும், குழந்தைகளும் முதியோரும் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடியதும் நினைவிலிருந்து நீங்கத்தக்கன அல்ல. வீட்டோரத்துப் புல்லுக்கு வைக்கும் தீ சிறியதுதானே என்று கருதுதல் தகாது. வறட்சிக் காலத்தில், நாம் வைக்கும் சிறு நெருப்பு நம் கட்டுக்குள் நிற்பதில்லை.

தானாக மீளாதவை எவை?

'அப்படியானால் தீ வைக்காமல் விட்டுவிட்டால் போதுமே. எல்லாம் தானாக முன்போல் ஆகிவிடுமே' என்று சிலர் வினவலாம். பெரும்பகுதி உண்மை, முழுவதும் உண்மையன்று.

2021ஆம் ஆண்டு அறிவியலறிஞர் பலர் ஒன்றுகூடி, வெப்பநாடுகளில் கைவிடப்பட்டுக் காடாக மாறிவரும் 77 இடங்களின் விவரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். கடுமையாகக் கெடாத நிலத்தில், மண் 10 ஆண்டுகளுக்குள் ஏறக்குறையப் பழைய வளத்தை அடைகின்றது. காட்டின் அமைப்பும் மர வகைகளின் எண்ணிக்கையும் மீள்வதற்கு 25 முதல் 60 ஆண்டுகள் செல்கின்றன. ஆனால் பழங்காட்டில் எவ்வெம்மரங்கள் எவ்வெவ்வளவில் நின்றனவோ, அவ்வாறே மீண்டும் அமைவதற்கு 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. பாட்டன் வெட்டிய காட்டை அதன் பழைய கோலத்தில் பேரனும் காண்பது அரிது என்பது இதன் பொருள்.

நம் நாட்டில் இதற்குச் சிறப்பான காரணம் ஒன்றுண்டு. நமது பழங்காடுகளின் அரசர்கள் மெராந்தி, கப்பூர், கெருயிங் முதலிய பெருமரங்கள். இவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை; சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பெருமளவில் காய்க்கின்றன. இவற்றின் விதைகள் மண்ணில் உறங்கிக் கிடப்பதில்லை. சில வாரங்களுள் முளைக்காவிடில் மடிந்துபோகின்றன. பெரும்பாலானவற்றின் காய்களுக்குச் சிறகு போன்ற அமைப்பு இருப்பினும், அவை தாய்மரத்தினின்று தொலைவில் சென்று விழுவதில்லை. இவற்றின் வேர்கள் மண்ணிலுள்ள ஒருவகைக் காளான்களின் துணையையும் வேண்டுகின்றன. ஆகவே, அருகில் தாய்மரம் இல்லாத இடத்திற்கு மஹாங் வரும். மெராந்தி எளிதில் வாராது. ஒரு குன்றின் மீது சில பெருமரங்களை விட்டுவைப்பதற்கும் ஒன்றுவிடாமல் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அண்டை நிலமும் காட்டின் போக்கைத் திருப்பக்கூடும். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில், 50 எக்டேர் பரப்பினுள் 800க்கும் மேற்பட்ட மர வகைகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. அக்காட்டைச் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. உதிர்ந்த செம்பனைப் பழத்தை உண்டு காட்டுப்பன்றிகள் பெருகின. குட்டி ஈனும் பன்றி, இளமரங்களை ஒடித்துக் கூடு அமைப்பது வழக்கம். இதனால் அக்காட்டின் இளங்கன்றுகள் 24 ஆண்டுகளில் பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டன என்று 2017இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெருமரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் அவற்றின் இடத்திற்கு வரவேண்டிய வாரிசுகள் குறைந்துவருகின்றன.

மனிதன் கைகொடுத்த காடு

கெடுத்த கையே திருத்தவும் கூடும் என்பதற்குக் கெப்போங் நல்ல சான்று. கோலாலம்பூருக்கு அருகிலுள்ள அவ்விடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் வெறுமையான நிலமாயிருந்தது. 1926இல் பாக்ஸ்வொர்த்தி என்னும் வனத்துறை அறிஞர் அதனை வன ஆராய்ச்சி நிலையத்திற்காகத் தேர்ந்தெடுத்தார். 1929இல் நிலையம் அமைந்தது. தாமாக வரமாட்டாத பெருமரங்களின் கன்றுகளை அங்கு நட்டுப் பேணினர். இன்று அங்கே நெடிதுயர்ந்த கப்பூர் மரங்கள், ஒன்றன் தலை மற்றொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும் அழகைக் காணப் பலர் செல்கின்றனர். 2025ஆம் ஆண்டு சூலை மாதம் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வனப் பூங்காவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலம் ஒன்று, ஒரு நூற்றாண்டுக்குள் உலகம் போற்றும் வனமாயிற்று.

கிளமென்ட்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1916இல், ஒவ்வொரு நிலமும் குறித்த படிகளைக் கடந்து ஓர் 'உச்சநிலை'யை அடைந்தே தீரும் என்று எழுதினார். அவ்வாறு விதித்த வழியென ஒன்றில்லை. எந்த விதை எப்போது வந்து சேர்கின்றதோ அதற்கேற்பவே வளர்ச்சி அமையும் என்று கிளீசன் என்பார் மறுத்துரைத்தார். இக்கால ஆராய்ச்சி, வாய்ப்புக்கும் சூழ்நிலைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றது. நாம் என்ன செய்கின்றோம் என்பதும் அச்சூழ்நிலையில் அடங்கும்.

நாம் செய்யக்கூடியவை

இவற்றையெல்லாம் அறிந்த நாம், நம் வட்டாரத்தில் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். ஓடைக்கரையிலுள்ள மரஞ்செடிகளைத் துப்புரவு என்ற பெயரால் மொட்டையடிக்காதிருப்போம். அவை மண்ணைப் பிடித்து நீரைத் தெளிவாக வைப்பவை. குப்பையையும் புல்லையும் எரிப்பதற்கு மாறாகக் குழியிலிட்டு மக்கவைத்து, காய்கறித் தோட்டத்திற்கு உரமாக்குவோம். வீட்டோரத்து லாலாங்கை வெல்ல விரும்பினால், நிழல் தரும் பழமரங்களை நட்டு, அவை தலையெடுக்கும்வரை புல்லை மடக்கி அமுக்கி வைப்போம். வௌவாலையும் பறவையையும் வீணே கொல்லாதிருப்போம். இரவில் பூவுக்குப் பூ சென்று டுரியானைக் காய்க்கச் செய்பவையும் வௌவால்களே ஆகும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் பங்களிக்கலாம். தோட்டத்து ஓரத்தில் ஒரு சிறு துண்டு நிலத்தை எவரும் தொடாமல் விட்டு, இவ்வாண்டு என்ன முளைத்தது, அடுத்த ஆண்டு எது மறைந்தது, எந்தப் பறவை புதிதாய் வந்தது என்று அவர்கள் எழுதி வரட்டும். ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் பிள்ளை, தான் முதலாம் ஆண்டில் கண்ட புல்தரை தன்னைவிட உயர்ந்த புதர்க்காடாகி நிற்பதைக் காணும். நூலில் படிக்கும் பாடத்தினும் அது நெஞ்சில் நிலைக்கும்.

நிலம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வல்லமை உடையது. அதற்கு வேண்டுவன மூன்று: எஞ்சிய மண், எட்டும் தொலைவில் விதை, இடையூறில்லாத காலம். இம்மூன்றையும் நிலத்திற்கு மறுக்காதிருப்பது நம் கடமையாகும். அக்கடமையை நாம் செய்வோமாயின், நம் பிள்ளைகள் தெளிந்த நீரையும் நல்ல மண்ணையும் பெற்று வாழ்வர்.